முடி கொட்டுகிறது என்று ஜிங்க் மாத்திரை போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. திருப்பூரில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் 84 கிலோ இருந்தேன். அரிசி, கோதுமை, சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மாவுச்சத்து குறைந்த உணவுக்கு மாறினேன். இப்போது 71 கிலோ. காலையில் வெண்ணெய் போட்ட காபி மட்டும். மதியம் 3 முட்டை, கூடவே சிக்கன் அல்லது மட்டன், ஒரு கப் காய். மாலையில் ஒரு கைப்பிடி பாதாம். இரவில் பசியே எடுப்பதில்லை. கொஞ்சம் பனீர் சாப்பிட்டால் உண்டு, இல்லையென்றால் அதுவும் இல்லை. மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. முடிக்காக பயோட்டின் மாத்திரை போட ஆரம்பித்தேன். இதே உணவு முறையில் இருக்கும் தோழி, "உனக்கு ஜிங்க் குறைந்துவிட்டது, 50 மில்லிகிராம் போடு" என்றாள். மூன்று வாரமாக அதையும் போடுகிறேன். காலையில் காபியோடு போட்டால் குமட்டுகிறது, ஒரு நாள் வாந்தியே வந்துவிட்டது. தொடரலாமா? வேறு நேரத்தில் போடலாமா? என் கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும் எடுக்கிறார். அடுத்த மாதம் அவரும் இந்த உணவைத் தொடங்கப்போகிறார். சர்க்கரைக்கு ஜிங்க் நல்லது என்கிறார்களே, அவருக்கும் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவசரம் அதில்தான் இருக்கிறது.

உங்கள் கணவர் டாபாகிளிஃப்ளோசின் எடுத்துக்கொண்டே மாவுச்சத்தைச் சட்டென்று குறைக்கக் கூடாது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை அது. அதோடு உணவிலும் மாவுச்சத்து இல்லையென்றால் உடலில் இன்சுலின் மிகவும் இறங்கி, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் அளவு மீறிச் சேர்ந்து, ரத்தம் அமிலத்தன்மை அடையலாம். கீட்டோஅசிடோசிஸ் என்பார்கள். வழக்கமாக இந்த நிலையில் சர்க்கரை 300, 400 என்று ஏறி நிற்கும். இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு மீட்டரில் 150, 180 என்றுதான் காட்டும். "சர்க்கரை கட்டுக்குள்தானே இருக்கிறது" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். அவருக்கோ வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், எழுந்து நிற்க முடியாத சோர்வு என்று போய்க்கொண்டிருக்கும். அப்படி வந்தால் மீட்டர் என்ன சொன்னாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அதனால் உணவை மாற்றுவதற்கு முன், இந்த மாதமே, மாத்திரை அட்டைகளோடு அவருடைய மருத்துவரைப் போய்ப் பாருங்கள். "இப்படி ஒரு உணவு முறைக்கு மாறப்போகிறேன், எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எதைக் குறைக்க வேண்டும்" என்று கேட்கட்டும். மாத்திரையை அவராக நிறுத்துவதும் தவறு. எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசின் என்று இந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாம் "கிளிஃப்ளோசின்" என்றே முடியும். பல அட்டைகளில் மெட்ஃபார்மினோடு ஒரே மாத்திரையாகச் சேர்ந்தே வருகிறது. முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் வாசகர்களுக்கும் இதையே சொல்கிறேன். அவர்களுக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கம் வரலாம். பிரஷர் மாத்திரையையும் மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கலாம்.

ஜிங்க் விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. கணையத்தில் இன்சுலின் சேமித்து வைக்கப்படுவதே ஜிங்க்கோடு சேர்த்துத்தான். சர்க்கரை நோய் கட்டுப்படாமல் இருந்தால் சிறுநீரில் ஜிங்க் கூடுதலாகப் போகும். இதையெல்லாம் வைத்து ஜிங்க் மாத்திரையைச் சர்க்கரை மருந்தாக நினைத்துவிட முடியாது. அவருக்கு இப்போது அது வேண்டாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த 50 மில்லிகிராம் ஜிங்க்கை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நேரம் மாற்றிப் போட்டால், அதாவது சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால், குமட்டல் குறையும், உண்மைதான். வெறும் வயிற்றில் ஜிங்க் குமட்டுவது பலருக்கும் நடப்பதுதான். குமட்டல் நின்றுபோனால் இந்த அளவை மாதக்கணக்கில் தொடர்ந்துவிடுவீர்கள். எனக்கு அதுதான் கவலை.

உங்கள் சாப்பாட்டில் ஜிங்க் எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்போம். மட்டன் சாப்பிடும் நாளில் 150 கிராம் கறியில் 5 முதல் 6 மில்லிகிராம். 3 முட்டையில் 2-க்குச் சற்றுக் குறைவு. ஒரு கைப்பிடி பாதாம் 30 கிராம் என்று வைத்தால் 1 மில்லிகிராம் அளவு. பனீர் 100 கிராம் சாப்பிட்டால் 2-க்கு மேல். மொத்தம் 10 வந்துவிடுகிறது. சிக்கன் நாளில், அதுவும் நெஞ்சுக்கறி மட்டும் என்றால், 6, 7 என்று இறங்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 13 மில்லிகிராம் என்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பலரும் பதறுகிறார்கள். அமெரிக்காவில் இதே வயதுப் பெண்ணுக்கு 8 மில்லிகிராம் போதும் என்கிறார்கள். உடம்பு ஒன்றுதான், சாப்பாடுதான் வேறு. நம் நாட்டில் பெரும்பாலோர் சோறு, சப்பாத்தி, பருப்பு என்று சாப்பிடுகிறவர்கள். தானியத்திலும் பருப்பிலும் ஃபைட்டேட் என்ற ஒன்று இருக்கிறது. அது குடலிலேயே ஜிங்க்கைப் பிடித்துக் கட்டிவைத்துக்கொள்ளும், உள்ளே போக விடாது. அந்த இழப்பையும் கணக்கில் எடுத்துத்தான் நமக்கு அதிகமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மனிதருக்கு ஜிங்க் குறைபாடு வரும் என்று மருத்துவ உலகம் கண்டுகொண்டதே இந்த ஃபைட்டேட் வழியாகத்தான். 1958-ல் ஈரானின் ஷிராஸ் நகரத்தில் 21 வயது இளைஞர் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். பார்க்கப் பத்து வயதுப் பையன் போல இருந்தார். வளர்ச்சி இல்லை, பருவமடையவில்லை, கடுமையான ரத்தசோகை. இறைச்சி கிடையாது, ரொட்டிதான் சாப்பாடு. மண் தின்னும் பழக்கமும் இருந்தது. பரிசோதித்தவர் பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர். வெறும் இரும்புச்சத்துக் குறைவால் இப்படி வளர்ச்சி நிற்காது என்று யோசித்து, அடுத்த சில ஆண்டுகளில் ஜிங்க் குறைபாட்டைக் கண்டறிந்தார். ரொட்டி மாவின் ஃபைட்டேட்டும் அந்த மண்ணும் ஜிங்க்கைச் சேரவிடாமல் தடுத்திருந்தன.

உங்கள் தட்டு இதற்கு நேர் எதிர். ரொட்டி, சோறு, பருப்பு எதுவும் இல்லை. கறியும் முட்டையும் இருக்கின்றன. கறியில் இருக்கும் புரதமே ஜிங்க்கைக் குடலுக்குள் நன்றாகச் சேர்க்கும். ஆக, சாப்பாட்டில் வரும் ஜிங்க்கில் சோறு, சப்பாத்தி சாப்பிடுகிறவரைவிடக் கூடுதலான பங்கு உங்கள் உடம்பில் சேரும். ஜிங்க் குறைய வாய்ப்பு குறைவான உணவுக்கு மாறிய பிறகுதான் ஜிங்க் குறைந்துவிட்டது என்று மாத்திரை போட ஆரம்பித்திருக்கிறீர்கள்.

இனி அந்த 50. வீட்டில் இருக்கும் அட்டையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். "ஜிங்க் சல்ஃபேட் மோனோஹைட்ரேட் 61.8 மி.கி., 22.5 மி.கி. எலிமெண்டல் ஜிங்க்குக்குச் சமம்" என்பது போல எழுதியிருக்கும். முதலில் வருவது உப்பின் எடை. "எலிமெண்டல்" என்று வரும் எண்தான் உண்மையில் உங்களுக்குக் கிடைக்கும் ஜிங்க். "ஜிங்க் அசிடேட் 50" என்று மட்டும் இருந்தால் அதில் ஜிங்க் 15 மில்லிகிராம்தான். எலிமெண்டல் ஜிங்க்கே 50 என்றிருந்தால் கதை வேறு. மாத்திரையும் சாப்பாடும் சேர்த்து ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பெரியவர்களுக்கான உச்சவரம்பு. ஐரோப்பாவில் 25-லேயே நிறுத்துகிறார்கள். அப்புறம் உங்கள் பயோட்டின் மாத்திரையையும் திருப்பிப் பாருங்கள். முடிக்கென்று விற்கும் மாத்திரைகள் பலவற்றில் ஜிங்க்கும் சேர்ந்தே இருக்கும். தெரியாமலே இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டிருக்கலாம்.

அதிக ஜிங்க் என்ன செய்யும்? தாமிரச் சத்தைத் தடுக்கும். ஜிங்க் நிறைய வரும்போது குடலின் உட்சுவர் செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தை அதிகமாகச் செய்கின்றன. அந்தப் புரதம் ஜிங்க்கைவிடத் தாமிரத்தைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சில நாட்களில் அந்தச் செல்கள் உதிரும்போது பிடித்துவைத்த தாமிரமும் மலத்தோடு போய்விடும். வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. உடம்பில் தாமிரம் அளவு மீறிச் சேரும் பரம்பரை நோய். அதற்கு ஜிங்க்கையே மருந்தாகக் கொடுக்கிறார்கள், ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, தாமிரம் சேரக் கூடாது என்றுதான். அந்த மருந்தின் ஒரு வேளை அளவை நீங்கள் தாமிரம் தேவைப்படும் உடம்புக்குத் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் சாப்பாட்டில் தாமிரமும் அதிகமில்லை. முட்டை, சிக்கன், பனீர் எல்லாவற்றிலும் அது குறைவு. அந்த ஒரு கைப்பிடி பாதாம்தான் கொஞ்சம் தருகிறது.

என்னிடம் ஓர் அம்மா வந்தார். ரத்தசோகைக்கு ஐந்து மாதமாக இரும்பு மாத்திரை எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, வெள்ளை அணுவும் குறைந்திருந்தது, பாதம் மரத்துப்போய்ச் செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியவில்லை என்றார். கைப்பையில் இருக்கும் மாத்திரைகளை மேசையில் எடுத்து வைக்கச் சொன்னேன். நான்கு அட்டைகள். மூன்றில் ஜிங்க் இருந்தது. கொரோனா சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று தொடங்கியவை, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அவரும் நிறுத்தவில்லை. மருத்துவர் ரத்தத்தில் தாமிரத்தின் அளவைப் பார்க்கச் சொன்னார், மிகவும் இறங்கியிருந்தது. ஜிங்க்கை நிறுத்தித் தாமிரம் கொடுத்ததும் இரண்டு மூன்று மாதத்தில் ரத்தம் சரியாகிவிட்டது. பாதத்து மரமரப்பு முழுதாகப் போகவில்லை. நரம்பு அப்படித்தான், பட்டது பட்டதுதான் என்று பல நேரங்களில் ஆகிவிடுகிறது. அன்றிலிருந்து யார் வந்தாலும் எல்லா அட்டைகளையும் கொண்டுவரச் சொல்கிறேன்.

நீங்கள் பயப்பட வேண்டாம். மூன்று வாரத்தில் அந்த அளவுக்குப் போகாது, மாதக்கணக்கில் தொடர்பவர்களுக்குத்தான் ஆபத்து. நிறுத்தினாலே போதும். மாதம் இரண்டு முறை ஆட்டு ஈரல், கறியில் கொஞ்சம் வறுத்த எள் பொடி, வாரம் ஒரு முறை காளான் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். தாமிரம் தானாகத் தேறிவிடும். கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டிருந்தாலோ ஈரல் மட்டும் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

முடி ஏன் கொட்டுகிறது? அடுத்த முறை சீப்பில் வரும் முடியை ஒன்று எடுத்து, வெளிச்சத்தில் வேர்ப்பக்க நுனியைப் பாருங்கள். வெள்ளையாகச் சிறு புள்ளி போலக் குமிழ் இருக்கிறதா? "வேரோடு வருகிறதே" என்று இதைப் பார்த்துத்தான் எல்லோரும் அழுகிறார்கள். உண்மையில் அது வேர் இல்லை. வேர் தோலுக்குள்ளேயே இருக்கிறது. ஓய்வுக்குப் போய்விட்ட முடியின் அடிக்குமிழ் அது. உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வரும்போது, பிரசவம், டெங்கு போன்ற காய்ச்சல், அறுவை சிகிச்சை, வேகமாக எடை குறைவது என்று எதுவானாலும், வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் கணிசமான பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் தலையிலேயே சும்மா இருந்துவிட்டு, பிறகு மொத்தமாக உதிரும். நான்கு மாதத்தில் 13 கிலோ குறைத்திருக்கிறீர்கள். மூன்றாவது மாதத்தில் உதிர ஆரம்பித்திருக்கிறது. கணக்கு அப்படியே பொருந்துகிறது.

மாவுச்சத்தைக் குறைத்ததைவிட, மொத்தச் சாப்பாடே குறைந்துபோனதுதான் உங்கள் விஷயத்தில் காரணமாக எனக்குப் படுகிறது. காலையில் வெண்ணெய்க் காபி, இரவில் அநேகமாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு வேளைதான் சாப்பிடுகிறீர்கள். இந்த உணவில் பசி அடங்கிவிடும், அதை எல்லோரும் வரம் என்கிறார்கள். பசி இல்லை என்பதால் உடம்புக்குத் தேவையும் இல்லை என்று ஆகாது. உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 70, 80 கிராம் புரதமாவது வேண்டும். பனீர் சாப்பிடாத நாளில் 55, 60-ல் நின்றுவிடும். காலைக் காபிக்குப் பதிலாக, அல்லது அதோடு, 2 முட்டை சாப்பிடுங்கள். இரவில் பசிக்காவிட்டாலும் ஒரு துண்டு வறுத்த மீனோ 100 கிராம் பனீரோ நேரத்துக்குச் சாப்பிட்டுவிடுங்கள். சிக்கன் மட்டும் என்றில்லாமல் வாரம் இரண்டு நாள் மட்டன், கிடைக்கும்போது நண்டு. பாதாமோடு பூசணி விதை ஒரு ஸ்பூன். ஜிங்க் இதிலேயே வந்துவிடும். இனி மாதம் 2 கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டாம். சோர்வும் கெண்டைக்கால் இழுப்பும் இருந்தால் அதற்கும் ஜிங்க்கைத் தேடாதீர்கள். மாவுச்சத்து குறையும்போது சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றும். உங்களுக்குப் பிரஷரோ சிறுநீரகக் கோளாறோ இல்லையென்றால், உப்புப் போட்ட எலும்பு சூப் ஒரு டம்ளர் குடித்தாலே வித்தியாசம் தெரியும்.

முடிக்காகப் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள் வேறு. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின், அதாவது இரும்புச் சேமிப்பு. மாதவிடாய் உள்ள பெண்களில் முடி கொட்டும்போது நான் முதலில் கேட்பது அதைத்தான். அடுத்து தைராய்டுக்கு டி.எஸ்.எச். வைட்டமின் டி-யும் பார்க்கலாம். பரிசோதனைக்குப் போகுமுன் பயோட்டின் மாத்திரையைக் குறைந்தது மூன்று நாளாவது நிறுத்தியிருக்க வேண்டும். அது அதிகம் இருந்தால் தைராய்டு பரிசோதனையின் எண்ணையே மாற்றிக் காட்டும், இல்லாத நோய்க்கு மாத்திரை சாப்பிட வேண்டிவரும். லேபில் "ஜிங்க்கும் பார்க்கலாமா" என்று கேட்டால், கட்டாயமில்லை என்று சொல்லிவிடுங்கள். உடம்பில் மொத்தம் 2 கிராம் அளவு ஜிங்க் இருக்கிறது. அதில் ரத்த நீரில் ஓடுவது ஆயிரத்தில் ஒரு பங்குதான். சாப்பிட்டால் குறையும், சளிக்காய்ச்சல் வந்தாலும் குறையும். அந்த ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஜிங்க் மாத்திரையே யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோடு 14 நாள் ஜிங்க் கொடுப்பது உயிர் காக்கும் வைத்தியம். உடல்பருமனுக்குக் குடல் அறுவை சிகிச்சை செய்தவர்கள், நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரை பல வருடமாக எடுப்பவர்கள் ஆகியோருக்குக் குறைய வாய்ப்புண்டு. மாவுச்சத்து குறைந்த உணவிலேயே முட்டையும் இல்லாத சைவக்காரர்களையும் இதில் சேர்ப்பேன். 100 பாதாம் சாப்பிடுகிறவர்களுக்கு அதில் 3, 4 மில்லிகிராம் ஜிங்க் இருக்கிறது, ஆனால் பாதாமிலேயே ஃபைட்டேட்டும் நிறைய. ஊறவைத்தாலும் முழுதாகப் போகாது. இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர் சொன்னால் 10 முதல் 20 மில்லிகிராம் எலிமெண்டல் ஜிங்க், சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும். இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களில் அதற்கு இரண்டு மணி நேரம் பிறகாவது போட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மருந்து வேலை செய்யாது.

உங்கள் முடி இன்னும் இரண்டு மூன்று மாதம் கொட்டும். நீங்கள் சரியாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகும் கொட்டும், ஏற்கெனவே ஓய்வுக்குப் போன முடி உதிர்ந்துதான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் மனம் உடைந்து மறுபடியும் மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விடாதீர்கள். நெற்றி ஓரத்தில், வகிடு எடுக்கும் இடத்தில், குச்சிகுச்சியாகக் குட்டை முடி எழும்பி நிற்கிறதா என்று வாரம் ஒரு முறை கண்ணாடியில் பாருங்கள். ஆறு மாதமாகியும் அது வரவில்லை என்றால், அல்லது வட்டமாக வழுக்கை விழுந்தால், தோல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ஃபெரிட்டின் எண் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். உங்கள் கணவர் மருத்துவரைப் பார்த்துவிட்டாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.